மாண்புமிகு அம்பாடுவின் ஜீப் பாடியது

சாலைப் பாதுகாப்புக்காக உழைக்கும் அலுவலகங்கள் உலகத்தில் ஆயிரம் இருக்கலாம். ஆனால் க்வாஹூ மலைமேல், ம்ப்ரேசோ என்ற ஊரில் இயங்கிய 'மலைச்சாலைப் பாதுகாப்பு ஊக்குவிப்பு அலுவலகம்' போல இனிமையாக உழைத்தது வேறொன்றில்லை. அங்கே யாரும் யாருக்கும் கெட்ட செய்தி சொல்வதில்லை. விபத்துகளைக்கூட 'எதிர்பாராத சந்திப்புகள்' என்ற தலைப்பில்தான் தலைநகருக்கு எழுதி அனுப்பினார்கள்.

இந்தப் பெருமை முழுவதும் இயக்குநர் மாண்புமிகு அம்பாடுவையே சேரும். பக்கத்துக் கிராமம் ஒன்று அவருக்கு 'வளர்ச்சித் தலைவர்' பட்டம் கட்டித் தலைவருக்குரிய குடையும் செருப்பும் கொடுத்தது. அன்று முதல் அவர் அரண்மனை வழக்கத்தை அலுவலகத்துக்கே கொண்டுவந்துவிட்டார். தலைவரிடம் யாரும் நேராகப் பேசக்கூடாது. கோல் பிடித்த நாவலரிடம் சொல்லவேண்டும். அவர் அதை அழகுபடுத்தித் தலைவர் காதில் சேர்ப்பார். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். நாவலர் டாவியா முன்பு வானொலியில் சாவு அறிவிப்பு வாசித்தவர். அவர் வாசித்தால் செத்துப்போகலாமா என்று சிலருக்கு ஆசையே வருமாம்.

ஓட்டுநர் ஒபெங்குக்கு இதிலெல்லாம் எந்தக் குறையும் இருந்ததில்லை, ஜனவரியில் ஜீப்பின் முன்சக்கரம் கீச்சிடும்வரை.

"நாவலரய்யா, பிரேக் மிதிச்சாலே கீச்சு கீச்சுன்னு கத்துது. பேட் தேஞ்சுபோச்சு. மாத்தணும்னு பாஸ்கிட்ட சொல்லுங்க."

முன்சீட்டில் இருந்த நாவலர் கோலை நிமிர்த்திக்கொண்டு பின்சீட்டுப் பக்கம் திரும்பினார்.

"மாண்புமிகு அவர்களே, தாங்கள் அமர்ந்த பூரிப்பில் வாகனம் கீதம் இசைக்கிறதாம்."

"இசைக்கட்டும்" என்றார் அம்பாடு.

"இசைக்கட்டுமாம்" என்றார் நாவலர், ஒபெங்கிடம்.

பிப்ரவரியில் கீதம் மாறியது. கீச்சு போய் 'கரகர' வந்தது. ஒபெங் மெக்கானிக் மான்சாவைத் தேடிப் போனான். அவள் ஜீப்பை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள்.

"உர்ருன்னு ஓட ஓட ஏறுச்சுன்னா பேரிங். திரும்பும்போது டக்குடக்குன்னா ஆக்ஸில். இது ரெண்டும் இல்லண்ணே. பேடெல்லாம் போயி இரும்பும் இரும்பும் உரசுது. இதோட மலை இறங்குவியா?"

"பாஸ் கையெழுத்து இல்லாம ஒரு நட்டுகூட மாத்த முடியாது, மாஸ்டர்."

"அப்ப நானே வந்து சொல்றேன்."

அவள் வருவதையொட்டி 'ஒலி ஆய்வுக் கூட்டம்' கூடியது. தொடக்கத்தில் ஒரு ஜெபம், தொடக்கவுரைக்குப் பிறகு இன்னொரு ஜெபம். பிறகு சோதனை ஓட்டம். மாண்புமிகு அவர்களே உள்ளே அமர்ந்திருந்ததால், மரியாதை கருதி வண்டியை நடைவேகத்தில்தான் விட்டார்கள். பிரேக்கை அழுத்தினால் அவர் தலை குனியும் என்பதால் பிரேக்கைத் தொடவே இல்லை. அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டு கூட நடந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. 'ஒலி நிரூபிக்கப்படவில்லை' என்று குறிப்பு எழுதினார்கள்.

மான்சாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நாவலரே, சுத்தி வளைக்காம சொல்லுங்க. இந்த வண்டி மலையில இறங்குச்சுன்னா நிக்காது. எதாலயும் நிறுத்த முடியாது."

நாவலர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"மாண்புமிகு அவர்களின் முன்னேற்றத்தை இனி எதனாலும் நிறுத்த முடியாது என்கிறார், இந்தத் தொழில்நுட்ப அம்மையார்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அம்மையாருக்குப் பாராட்டுப் பத்திரம் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள்.

ஈஸ்டருக்கு இரண்டு நாள் முன்பு மலையடிவாரத்தில் பெரிய விழா. 'பாதுகாப்பாக இறங்குவோம்' என்பது மாண்புமிகு அவர்கள் அங்கே பேசவேண்டிய தலைப்பு. ஒபெங்குக்கு மகள் பிறந்து அன்றோடு ஐந்து நாள். ஊர் வழக்கப்படி எட்டாம் நாள் தகப்பன் கையில் ஏந்திப் பெயர் சூட்டவேண்டும். போகமாட்டேன் என்றால் வேலை போய்விடும். போனால் பெயர் வைக்க ஆள் இருக்காது. ஆனாலும் வேலையில்லாத அப்பன் என்ற பேரைப் பிள்ளைக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. வண்டியை எடுத்தான்.

முதல் வளைவில் கரகர. இரண்டாவது வளைவில் சத்தமே இல்லை.

"பாட்டை நிறுத்திவிட்டதே" என்றார் நாவலர், கொஞ்சம் வருத்தமாக.

பாட்டோடு பிரேக்கும் நின்றிருந்தது. ஒபெங் மிதித்த மிதியில் பெடல் தரையைத் தொட்டது. எதிரே ஈஸ்டருக்கு மலையேறும் வேன்கள் வரிசைகட்டி வந்துகொண்டிருந்தன. அந்த நிலையிலும் பழக்கதோஷம் அவனை விடவில்லை.

"நாவலரய்யா, பிரேக் போயிருச்சு. பாஸைக் குதிக்கச் சொல்லுங்க."

நாவலர் ஒரு கையால் கோலையும் ஒரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டார். கடமை தவறாதவர்.

"மாண்புமிகு அவர்களே, ஈஸ்டர் வந்தால் நம் மலையுச்சியிலிருந்து வான்குடை கட்டிக் குதித்துப் பறக்க ஊரே பணம் கட்டி நிற்கிறது. நமக்கு அந்தப் பாக்கியம் இலவசமாகவே..."

"பேச்சு முடிஞ்சு பாத்துக்கலாம்னு சொல்."

"பேச்சு முடிந்து பார்த்துக்கொள்வாராம், ஒபெங்."

ஒபெங் கியரை ஒன்றுக்குத் தள்ளினான், கைப்பிரேக்கை இழுத்தான், ஜீப்பைப் பாறைச்சுவரோடு தேய்த்தான். கதவுக் கைப்பிடிகள் தெறித்தன. அலுவலகச் சின்னம் பெயர்ந்து போனது. கடைசியில் இரண்டு சக்கரம் வடிகாலுக்குள் இறங்க, ஜீப் சாய்ந்து நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒபெங் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் கொஞ்சம் அழுதான்.

மாண்புமிகு அம்பாடு சாய்ந்த ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்தார். ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாக ஓட்டுநரிடம் நேராகப் பேசினார்.

"ஏன்டா, முன்னாடியே சொல்லக்கூடாதா?"

ஒபெங்கும் நாவலரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு மாசமா தினமும் சொன்னேன் பாஸ். நீங்க பின்சீட்டுலதான் உக்காந்திருந்தீங்க. காதுல விழலையா?"

மாண்புமிகு அவர்கள் சட்டைத் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எல்லாம் விழுந்துச்சு. ஆனா இவர் சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு."