கோடு தெரியாமல் நிறம் இழைப்பவர்

கணினிக்கு நிரல் எழுதுகிறவர்களில் பல இனம் உண்டு. எந்தக் கோளாறைச் சொன்னாலும் "என் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதே" என்று கையை விரிப்பவர் ஒரு இனம். அடுத்தவர் எழுதியதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் இன்னொரு இனம். இவர்களோடெல்லாம் காலம் தள்ளிவிடலாம். நிறம் இழைப்பவரோடு முடியாது. ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொரு நிறமாக மாறுகிறதே, கிரேடியன்ட் என்கிறார்களே, அந்த வேலையைத் தெரியாத்தனமாக இவர் கையில் கொடுத்துவிட்டால், கொடுத்தவர் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அந்தி வானத்தைப் பார்த்து ஊரே "ஆகா" என்று நிற்கும்போது, இவர் மட்டும் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு வானம் எந்த வழியாகப் போயிருக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருப்பார். திரையை நேராகப் பார்க்க மாட்டார். ஒரு கண்ணை மூடுவார், தலையைச் சாய்ப்பார், நாலடி பின்னால் போவார், காப்பி எடுத்துக்கொண்டு வருகிறவர்மேல் மோதுவார், மோதப்பட்டவரிடமே கேட்பார்: "இதுல கோடு தெரியுதா?" தெரியவில்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிட வேண்டும். "லேசா தெரியுது" என்றீர்களோ, மத்தியானச் சாப்பாடு போச்சு.

பின்லாந்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றில், ஆறு பேர் கொண்ட சின்னக் கம்பெனியில் இருந்த டூக்கா இந்த இனத்தில் அசல் உருப்படி. கெட்ட மனிதர் அல்ல. யாருக்கும் தீங்கு நினைத்ததில்லை. அப்படிப்பட்டவரிடம்தான் ஏரியின் பனிப்படத்தைக் கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். உறைந்த ஏரியில் பனி எங்கே எத்தனை அங்குலம் கெட்டியாக இருக்கிறது என்று ரெய்மா என்ற பெரியவர் வாராவாரம் அறுபது இடத்தில் துளை போட்டு அளப்பார். இதுவரை அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, தூண்டில் கடைப் பலகையில் ஆணி அடித்து மாட்டிவிடுவார். இந்த வருஷம் அது எல்லார் கைபேசியிலும் படமாக வர வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டது. மாதக் கடைசிச் சனிக்கிழமை, பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும் போட்டி. முந்நூறு பேர் ஆளுக்கொரு முக்காலியும் பிளாஸ்க்குமாக ஏரிமேல் இறங்குவார்கள். நடுவில் ஒரு வாரம் வெயில் அடித்துக் கெடுத்திருந்ததால், ஏரி ஒரு இடத்தில் பாறை, பத்தடி தள்ளி அப்பளம்.

"மெல்லிசா இருந்தா ஒரு கலரு, கெட்டியா இருந்தா ஒரு கலரு. அவ்வளவுதான் டூக்கா. அரை நாள் வேல," என்றாள் கம்பெனியை நடத்திய ஐலா.

அரை நாள்! பாவம், அவளுக்கு இனம் தெரியவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. மெல்லிய பனிக்கு மஞ்சள், கெட்டிப் பனிக்கு நீலம் என்று டூக்கா வைத்தார். இடைப்பட்டதைக் கணினியே கூட்டி வகுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார். மஞ்சளையும் நீலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கணினி எதைக் கொடுக்கும்? சாம்பலைக் கொடுக்கும். ஏரியின் நடுவே அடுப்புச் சாம்பல் கொட்டினாற்போல ஒரு பட்டை. டூக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கணினியின் கணக்கு வேறு, கண்ணின் கணக்கு வேறு என்று கண்டறிந்து, கண்ணுக்கு ஏற்ற சூத்திரத்தைத் தேடிப் பிடித்து எழுதினார். சாம்பல் போய்ப் பச்சை வந்தது. வந்த பச்சை அதிகமாக மினுக்கியது. அதை அடக்கினார். அடக்கியதும் நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. அவை மறையக் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளைக் கோலப்பொடி மாதிரி தூவினார். ஐலா தினமும் வந்து, "முடிஞ்சுதா?" என்பாள். "முடிஞ்ச மாதிரிதான்," என்பார். இந்த இனத்தின் அகராதியில் அதற்குப் பொருள், இன்னும் பத்து நாள்.

புதன்கிழமை காப்பி அறையில் ஏலக்காய் பன் வைத்து, ரெய்மாவையும் வரவழைத்துப் படத்தைக் காட்டினார்கள். பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஏரி முழுவதும் நிறம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. எங்கே மஞ்சள் முடிந்தது, எங்கே பச்சை பிறந்தது என்று பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. ரெய்மா இரண்டு பன்னைத் தின்றுகொண்டே பார்த்தார்.

"கோடு ஏதாவது தெரியுதா, ரெய்மா?" என்று டூக்கா கேட்டார்.

"தெரியல."

அவ்வளவுதான். ரெய்மா தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஊரில் ஒருவர் குறை சொல்லாமல் எழுந்து போனால் அது மாலை மரியாதைக்குச் சமம். டூக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷ உத்தியோகத்தில் இப்படியொரு பாராட்டு அவருக்குக் கிடைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் படம் ஊருக்கெல்லாம் போயிற்று. போன ஒரு மணி நேரத்தில் ஐலாவுக்கு ரெய்மாவிடமிருந்து போன் வந்தது. "டூக்காவ ஏரிக்கு அனுப்பும்மா. நல்ல பூட்ஸா போட்டுட்டு வரச் சொல்லு."

பூரித்துப்போய்த்தான் கிளம்பினார் டூக்கா. கரையில் ரெய்மா கயிற்றோடு நின்றார். ஒரு முனையை டூக்காவின் இடுப்பில் கட்டினார். "நீ உன் படத்தப் பாத்து முன்னாடி நட. நான் பின்னாடி வர்றேன். நாளைக்கு முந்நூறு பேர் அப்படித்தான நடக்கப்போறாங்க?"

டூக்கா கைபேசியைப் பார்த்தார். கால்கீழே ஒரு நிறம். மஞ்சள் இல்லை, பச்சையும் இல்லை. பத்தடி தள்ளிப் பார்த்தார். அதுவும் அதேதான், இல்லை, ஒரு மாற்றுக் குறைவோ? ஒரு கண்ணை மூடினார். தலையைச் சாய்த்தார். வெயிலில் கண் கூசியது. திரையில் அத்தனை நாளாக இழைத்து இழைத்து அழித்த எல்லை எங்கே இருக்கிறது என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

"என்னப்பா, போலாமா, கூடாதா?"

"இது... ரெண்டுக்கும் இடைப்பட்ட ஒரு..."

"இடைப்பட்டதுல நான் எந்தக் கால வைக்க? வலதா, இடதா?"

நாணல் பக்கமாக ஒரு அடி வைத்தார். பனி முறுக்கு ஒடிகிற மாதிரி ஒடிந்தது. கால் முழங்கால்வரை தண்ணீருக்குள் போயிற்று. அந்த ஒரு நொடி டூக்கா உண்மையிலேயே செத்துப்போவோம் என்று நினைத்தார். குளிரைவிடப் பயம்தான் முதலில் எலும்பைத் தொட்டது. ரெய்மா கயிற்றைச் சுண்டி இழுத்துக் கரையில் போட்டார்.

"பயப்படாத. அங்க ஆழமே அவ்வளவுதான். தெரிஞ்சுதான் அந்தப் பக்கம் விட்டேன். நாளைக்கு வர்றவன் அதோ, அந்தப் பாலத்தடியில இறங்குவான். அங்க ரெண்டாள் ஆழம்."

டூக்காவுக்குப் பல் கிடுகிடுத்தது. "புதன்கெழமையே சொல்லியிருக்கலாமே?"

"நீ என்ன கேட்ட? கோடு தெரியுதான்னு கேட்ட. தெரியலன்னு சொன்னேன். ஒரு மனுஷன் மூணு வாரம் உக்காந்து அதையா அழிச்சிருப்பான்னு காப்பி குடிக்கறப்ப எனக்குத் தோணல. வீட்டுக்குப் போய்த்தான் உறைச்சுது."

ஆபீசுக்குத் திரும்பிய டூக்கா, ஈரக் காலுறையை ஹீட்டர்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஏறாதே என்பதற்கு ஒரு நிறம், பார்த்து நட என்பதற்கு ஒரு நிறம், தாராளமாகப் போ என்பதற்கு ஒரு நிறம். கத்தியால் வெட்டின மாதிரி ஓரம். நாலு நிமிஷம் ஆயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை, பள்ளிக்கூடத்துப் பையன் வெட்டி ஒட்டியது போல இருந்தது. இருந்தாலும் அனுப்பிவிட்டார். மறுநாள் முந்நூறு பேரும் ஏரியில் இறங்கினார்கள், முந்நூறு பேரும் திரும்பி வந்தார்கள். ரெய்மா ஒரு கிலோ மீன் கொடுத்தனுப்பினார்.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? திங்கட்கிழமை காலையில் ஐலாவின் பின்னால் வந்து நின்று, "அந்த ஓரத்த மட்டும், ஒரே ஒரு புள்ளி அகலத்துக்கு, லேசா இழச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். ஐலா எழுந்து டூக்காவின் அறைச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

நமக்கென்ன, நாம் நிரல் எழுதுகிறவர்களா என்று நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கலாம். ஒரு மனிதர் ஏரிக்குள் போகப் பார்த்ததையும் முந்நூறு பேர் பிழைத்ததையும் படித்தீர்கள். நல்லது. அந்த மூன்று நிறம் என்னென்ன என்று மட்டும் இங்கே சொல்லவே இல்லை. அதைக் கவனிக்காமல் வந்தவர்கள் புண்ணியவான்கள். "சொல்லாம விட்டுட்டாரே, சிவப்புப் பக்கத்துல மஞ்சள வச்சிருந்தா கண்ண உறுத்தியிருக்குமே" என்று யாருக்காவது அப்போதிருந்தே மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தால், அவர் தயவுசெய்து பாலத்துப் பக்கம் போக வேண்டாம்.