வெடிச்சு முடியட்டும், போவம்

நம்மிடையே ஆபத்தறிஞர் என்றோர் இனம் உண்டு. ஆபத்தில் யாருக்காவது உதவியவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்து எங்கே, எப்போது, எத்தனை மணிக்கு வரும் என்று அறிந்தவர், அவ்வளவுதான். நீங்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு மண்டபம் எடுத்தால் அன்றைக்குப் பனிப்புயல் என்பார். ஊருக்குப் போக டிக்கெட் எடுத்தால் அந்த விமானத்தின் இயந்திரத்தைப் பற்றித் தான் வாசித்ததைச் சொல்லுவார். புது வீடு வாங்கினால், வாழ்த்துச் சொல்வதற்கு முன் நிலக்கீழ் அறையின் சுவரைத் தட்டிப் பார்ப்பார். தட்டிவிட்டுத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு உங்களுக்கு அந்த வீட்டில் நித்திரை வருமா?

சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதி இராஜேந்திரன். முப்பது வருடமாக உணவகச் சமையலறையில் வேலை; கொதிக்கிற எண்ணெய்த் தொட்டியிலிருந்து பொரியல் கூடையை வெறுங்கையால் தூக்குவார், கண் இமைக்காது. அவருக்குப் பயம் இருப்பது கடலில். கடலே இல்லாத நாட்டில் இருந்துகொண்டு கடலுக்குப் பயப்படுவது எல்லாருக்கும் வாய்க்காது. அதிலும் கடலின் மேற்பரப்புக்கு இல்லை, அடிக்கு.

அங்கே, அமெரிக்காவின் ஓரிகன் கரையிலிருந்து நானூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி, ஆயிரத்து நானூறு மீட்டர் ஆழத்தில், ஆக்சியல் என்றொரு எரிமலை இருக்கிறது. அது 1998 ஜனவரியில் வெடித்தது, 2011 ஏப்ரலில் வெடித்தது, 2015 ஏப்ரலில் வெடித்தது. இந்த மூன்று தேதிகளையும் இராஜேந்திரன் தன் கலியாண நாளைவிடத் துல்லியமாகச் சொல்லுவார். (கலியாண நாளைப் பிள்ளைகள்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.) ஒவ்வொரு வெடிப்புக்கும் முன்னர் அதன் தரை மெல்ல மெல்ல வீங்குமாம். கடலடியில் கருவி வைத்து அளக்கிறார்கள். அந்த வரைபடத்தைக் காலையில் பல் துலக்கும்போது ஒருமுறை, இடைவேளையில் ஒருமுறை, கோயிலில் தீபாராதனைக்குக் காத்திருக்கும்போது ஒருமுறை கைபேசியில் பார்ப்பார். 2025 முடிவதற்குள் வெடிக்கும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு, இல்லை, 2026 ஆகலாம் என்றார்கள். ஆபத்தைத் தள்ளிப்போட்டால் நீங்களும் நானும் நிம்மதி அடைவோம். அவருக்கோ சாப்பாடு இறங்கவில்லை.

மேல்மாடி பாலசிங்கம் ஒருநாள் வெள்ளந்தியாகக் கேட்டார், அது வெடித்தால் ஆட்களுக்கு என்ன ஆகுமென்று. ஒன்றும் ஆகாது என்றுதான் விஞ்ஞானிகள் சொல்லுகிறார்கள் என்று இராஜேந்திரனே ஒப்புக்கொண்டார்.

"பிறகென்ன, அண்ணை?"

"அவை அப்பிடித்தான் சொல்லுவினம்."

கவனித்தீர்களா? எப்போது வெடிக்கும் என்று விஞ்ஞானி சொன்னால் அது வேதவாக்கு. வெடித்தாலும் பாதகமில்லை என்று அதே விஞ்ஞானி சொன்னால் அது மூடிமறைப்பு. இந்த இனத்தை இருட்டிலும் இதை வைத்தே அடையாளம் காணலாம்.

இதெல்லாம் பொழுதுபோக்காக இருந்தவரைக்கும் வீட்டில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அவருடைய மனைவி சிவகலாவின் ஒரே தங்கை இருப்பது கனடாவின் வன்கூவரில், அதாவது அதே சமுத்திரத்தின் கரையில். அந்தத் தங்கையின் மகள் வேணுகாவுக்கு வருகிற ஆனியில் கலியாணம். சிவகலா தங்கையை நேரில் கண்டு இருபத்தொன்பது வருடம். அவர் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் அடுத்த வருட லீவை இந்த வருட நவம்பருக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். தவறினால் கோடைகால நாட்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள். இந்த நாட்டில் கலியாணத்துக்குப் போவதென்றால் முகூர்த்தத்துக்கு முதல் லீவுப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். செப்டம்பரிலிருந்து சிவகலா கேட்டுக்கொண்டிருந்தார். இராஜேந்திரனிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"வெடிச்சு முடியட்டும், போவம்."

நவம்பர் கடைசிக்கு முந்திய ஞாயிறு பாலசிங்கம் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கேட்க ஆள் கிடைத்ததும் இராஜேந்திரன் கரண்டியைக் கீழே வைத்தார். தொண்ணூற்றெட்டிலிருந்து தொடங்கி, தரை எத்தனை மீட்டர் இறங்கியது, பிறகு எவ்வளவு ஏறியது என்று கையாலேயே புட்டைக் குவித்து, குழித்து, அதற்குள் ஆட்டுக்கறிக் குழம்பை விட்டுக் காட்டி, இரண்டாயிரத்துப் பதினைந்துக்கு வந்து மூச்சு வாங்கினார்.

சிவகலா அதுவரை பரிமாறிக்கொண்டிருந்தவர், குழம்புச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"98 தையில வெடிச்சது எண்டு சொன்னீங்கள். அந்தத் தையிலதான் தங்கச்சி கலியாணம் கட்டினவள். அப்ப எங்களிட்ட போக வர பேப்பர் இல்லை, சரி. 2011 ஏப்ரலில அவளின்ரை வேணுகா பெரிய பிள்ளையாகிச் சாமத்திய வீடு. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் இன்னும் வானத்தில நிக்குது எண்டு நீங்கள் விடேல்லை. அது அதுக்கு முந்தின வருசச் சாம்பல். 2015 ஏப்ரல், தங்கச்சியோட இருந்த அம்மாவின்ரை செத்தவீடு. அவசரப்பட வேண்டாம், அந்தியேட்டிக்குப் போவம் எண்டனீங்கள். முப்பத்தோராம் நாளும் நான் இந்த அடுப்படியில நிண்டு போனிலதான் பாத்தனான். மூண்டு தரமும் உங்கட எரிமலை வெடிச்சிருக்கு. மூண்டு தரமும் தங்கச்சி அங்கதான் இருந்தவள். தேத்தண்ணிக் கோப்பைகூட ஆடேல்லையாம். கேட்டனான்."

அந்த மூன்று வருடங்களையும் இராஜேந்திரன் எத்தனை மண்டபங்களில், எத்தனை பேருக்கு, எவ்வளவு பெருமையோடு சொல்லியிருப்பார். அவற்றுக்குள் மாமியின் செத்தவீடு இருந்தது ஒருநாளும் அவர் நினைவுக்கு வரவில்லை. உண்மையாகவே வெட்கப்பட்டார்.

"சரி, கலா. இந்த முறை போவம். நாளைக்கே லீவை எழுதிக் குடும்."

"ஒக்டோபரிலேயே குடுத்திட்டன்."

டிக்கெட் எங்கே என்று கேட்டார். குளிர்சாதனப் பெட்டியைக் காட்டினார் சிவகலா. மாட்டர்ஹோர்ன் மலைப் படம் போட்ட காந்தத்துக்குக் கீழே, மூன்று கிழமையாக அந்தத் தாள் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடலடி வீங்குவதை அறிந்த மனிதர், தினமும் பால் எடுக்கிற கதவில் தொங்கியதைப் பார்க்கவில்லை. எழுந்து போய் வாசித்தார். ஒரு பெயர்தான் இருந்தது.

"எனக்கும் ஒண்டு எடுத்திருக்கலாமே?"

சிவகலா அவருடைய கோப்பைக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

"வெடிச்சு முடியட்டும். பிறகு வாங்கோ."

பாலசிங்கம் தன் தட்டில் இருந்த புட்டை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

இராஜேந்திரன் இப்போதும் அந்த வரைபடத்தைத் தினம் மூன்று தடவை பார்க்கிறார். ஆனால் காரணம் வேறு. ஆனிக்கு முன் அது எப்படியாவது வெடித்துத் தொலைய வேண்டுமென்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். பசுபிக் சமுத்திரத்து எரிமலை வெடிப்பதற்காகக் கந்தனுக்குக் காவடி நேர்ந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். வெடிக்காவிட்டால் என்ன செய்வார் என்று கேட்டேன். வெடிக்காவிட்டாலும் டிக்கெட் எடுப்பதாகத்தான் யோசனையாம். கொஞ்சம் பார்த்துவிட்டு.

நீங்கள் அந்த இனமில்லை, எனக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாரும் உங்கள் "பார்ப்பம்" என்ற சொல்லை நம்பி லீவு எழுதாமல் இருக்கவில்லை. என்றாலும் ஒரு பேச்சுக்கு, இதை வாசித்து முடித்தவுடன் எழுந்து போய் அவர்களிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

என்ன, இப்போது வேண்டாம், ஆறுதலாகக் கேட்கலாம் என்று தோன்றுகிறதா?