ஃபேன் கிளட்சை மாற்றாத மனிதர்

'ஓடுதுல்ல?' என்று கேட்கிற ஓர் இனம் இருக்கிறது. உலகத்தில் எங்கெல்லாம் பழைய வண்டி உண்டோ அங்கெல்லாம் இந்த இனமும் உண்டு. கேள்வியாக இருக்கிறதே என்று பதில் சொல்லப் போய்விடாதீர்கள். பதிலை அவர் எதிர்பார்ப்பதில்லை. ஒரு சாமான் பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று நீங்கள் ஆரம்பித்த பேச்சு அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று பொருள்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். அவர் வண்டியின் முன்கதவு உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டு, கைப்பிடியைத் தூக்கி, கூடவே முழங்காலால் ஓர் உதை கொடுத்தால் திறக்கும். ஹார்ன் இடது பக்கம் திரும்பும்போது மட்டும் அடிக்கும். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு செங்கல் இருக்கும். பின்னால் பார்க்கிற கண்ணாடி, பழைய ட்யூபைக் கத்தரித்து எடுத்த ரப்பர் வாரால் கட்டப்பட்டிருக்கும். அது மட்டுமா? கட்ட முடிந்ததெல்லாம் ரப்பர் வாரால்தான் கட்டப்பட்டிருக்கும். "வண்டியை நல்லா பழக்கி வச்சிருக்கேன்" என்பார். யார் யாரைப் பழக்கினார்கள் என்று கேட்காதீர்கள், கோபம் வந்துவிடும்.

எங்கள் மிக்குமி ஊரில் இந்த இனத்தின் தலைவர் ஒனெஸ்மோ ம்குடே. தபால் ஆபீசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நாக்கில் தேன் தடவிப் பேசுவார். ஊரில் யாருக்குப் பெண் கேட்கப் போவதென்றாலும் அவர்தான் ம்ஷெங்கா. மாப்பிள்ளை வீட்டுக்காகப் பெண் வீட்டில் பேசுகிற தூதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ம்ஷெங்கா வாய் திறக்காமல் மாப்பிள்ளை பக்கத்தில் வேறு யாரும் பேசக் கூடாது. ஒனெஸ்மோ போய்ப் பேசினால் முடியாத கல்யாணம் கிடையாது. பிரச்சினை ஒன்றுதான். போய்ச் சேர வேண்டும்.

ஏனென்றால் அவருடைய டீசல் ஜீப் கொதிக்கும். சமவெளியில் சமர்த்தாக ஓடும். ஏற்றம் வந்து வேகம் குறைந்ததும் உஷ்ணமுள் விறுவிறுவென்று மேலே ஏறும். இதற்கு அவர் செய்யாத வைத்தியம் இல்லை. என்ஜின் சூட்டைச் சீராக வைக்கிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார். அது குளிர் தேசத்துக்காரர்களுக்கு உண்டானது, நம்ம வெயிலுக்கு எதற்கு என்றார். விசிறியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிக் கோழிகளுக்குத் தவிடு வைக்கக் கொடுத்தார். அது காற்றை அடைக்கிறதாம். பானெட்டைப் பாதி திறந்து கட்டி ஓட்டிப் பார்த்தார். ஏற்றத்தில் ஹீட்டரை முழுக்கத் திருப்பி, என்ஜின் சூட்டையெல்லாம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் மேல் விட்டார். வண்டி பிழைத்தால் போதும், மனிதர்கள் வெந்தால் என்ன?

மெக்கானிக் ஷொமாரி ஒருநாள் என்ஜினைச் சூடாக்கி, அணைத்து, விசிறியை ஒற்றை விரலால் தட்டினான். அது ராட்டினமாகச் சுற்றியது.

"பெரியவரே, ஃபேன் கிளட்ச் செத்துப்போச்சு."

"சுத்துதேடா! சுத்தறது எப்படிச் செத்ததாகும்?"

"சூடா இருக்கும்போது இது விசிறியைக் கெட்டியாப் புடிக்கணும். உள்ள இருக்கிற கெட்டி எண்ணெய் கசிஞ்சு போச்சு, புடிக்க மாட்டேங்குது. என்ஜின் ஒரு பக்கம் ஓடுது, விசிறி அது பாட்டுக்குச் சும்மா கிடக்குது. புதுசு போடுங்க. இல்லாட்டி அந்த எண்ணெயையாவது வாங்கிட்டு வாங்க, திறந்து ஊத்தித் தரேன்."

"வீட்ல சமையல் எண்ணெய் இருக்கு."

ஷொமாரி துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான்.

இந்தச் செய்தி தார் எஸ் சலாமில் இருக்கும் மகள் ரோசாவின் காதுக்குப் போனது. அப்பா நடுரோட்டில் நிற்கிறாரே என்று புத்தம்புது ஃபேன் கிளட்ச் ஒன்றை வாங்கி பஸ்ஸில் அனுப்பி வைத்தாள். ஒனெஸ்மோ என்ன செய்தார்? பெட்டியைப் பிரித்தார். முகர்ந்து பார்த்தார். தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். மறுபடி செய்தித்தாளில் சுற்றி, ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் வைத்தார்.

"ஏங்க, மாட்டலையா?" என்று கேட்டாள் மனைவி ஸ்கோலாஸ்திகா.

"புதுசு. பத்திரமா இருக்கட்டும். ஒரு அவசரத்துக்கு உதவும்."

இந்த இனத்தின் வீட்டில் புதிய சாமானுக்கு வாழ்வே கிடையாது. பழையது சாகும்வரை அது காத்திருக்க வேண்டும். பழையதைச் சாகவும் விட மாட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அக்கா மகன் காஸ்பருக்குப் பெண் கேட்கிற வேலை வந்தது. பெண் எடிதா, இரிங்காவுக்குப் பக்கத்தில் இலுலாவில். அப்பா இல்லாத பெண், வளர்த்ததெல்லாம் சித்தப்பா ம்கோங்கோல்வா. மிக்குமியிலிருந்து இலுலாவுக்குப் போகிற வழியில் கிட்டோங்கா மலை நிற்கிறது. லாரிகளே முக்கி முனகி ஊர்ந்து போகிற ஏற்றம். முதல் தடவை போனபோது ஒனெஸ்மோவின் ஜீப் அங்கே கொதித்து நின்று, தாமதமாகப் போய்ச் சேர்ந்து, வழக்கப்படி ஓர் ஆடு அபராதம் கட்டினார்கள். சித்தப்பா அத்தோடு விடவில்லை. "சொன்ன நேரத்துக்கு வரத் தெரியாதவங்க வீட்ல எங்க பொண்ணு என்னத்த வாழ்வா? அடுத்த தடவை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வரணும். லேட்டானா பேச்சு முடிஞ்சுது. பொண்ணு கேட்டு வேற எடமும் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டார்.

காஸ்பருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. பாவம், அந்தப் பெண் மேல் அவனுக்கு உயிர்.

"மாமா, பஸ்ல போயிடலாமே."

"பஸ்லயா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பஸ்ல போய் இறங்கினா எவன்டா மதிப்பான்?"

"அப்போ அந்தப் புது கிளட்சையாவது மாட்டிடலாம் மாமா."

"டேய், நான் இந்த வண்டியை உன் வயசுக்கு முன்னாலேர்ந்து ஓட்டறேன். ஓடுதுல்ல? ஏறு."

காஸ்பரும் அத்தை ஸ்கோலாஸ்திகாவும் ஏறினார்கள். விடியற்காலையில் கிளம்பி, வனவிலங்குப் பூங்காவின் வரிக்குதிரைகளை முதுகுக்குப் பின்னால் விட்டு, நல்ல நேரத்திலேயே ருவாஹா ம்புயுனிக்கு வந்துவிட்டார்கள். அங்கேயிருந்து மலை ஆரம்பம். புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வண்டிக்குப் பாரம் குறைப்பான். நம்மவர் இறங்கி, வெங்காயக்காரிகளிடம் அரைமணி நேரம் பேரம் பேசி, ஒரு மூட்டை வெங்காயம் வாங்கி ஏற்றினார். இவ்வளவு மலிவாக வேறு எங்கே கிடைக்குமாம்!

கிட்டோங்காவில் மூன்றாவது வளைவு. ஹீட்டர் முழுவேகத்தில். காஸ்பரின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஸ்கோலாஸ்திகா தலையில் கட்டியிருந்த புதுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முள் சிவப்பைத் தொட்டது. பிறகு சிவப்பைத் தாண்டியது. பானெட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி. வண்டி நின்றது.

"அமைதி, அமைதி" என்றார் ஒனெஸ்மோ, யாரும் ஒன்றும் சொல்லாதபோதே. காஸ்பர் ஓடிப்போய் மரக்கிளைகளை ஒடித்து, பின்னால் வருகிற லாரிகளுக்குத் தெரியும்படி சாலையில் போட்டுவிட்டு வந்தான். அதற்குள் அவர் ரப்பர் வார்களை எடுத்துக்கொண்டு என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார்.

"விசிறி சும்மாதானே கிடக்குது? இழுத்துக் கட்டிட்டா என்ஜினோடயே சுத்தும். இதுக்குப் போய் புதுசு கேக்கறானுங்க!"

கட்டினார். தண்ணீர் ஊற்றினார். கிளம்பினார். வண்டி அடுத்த வளைவுவரை ராஜநடை போட்டது. "பார்த்தியா?" என்று திரும்பிச் சிரித்தார். பட்டென்று ஒரு சத்தம். ரப்பர் கருகுகிற நாற்றம். முள் மறுபடி சிவப்பில்.

காஸ்பர் இறங்கி சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு மாமா. எல்லாம் போச்சு. இந்நேரம் அங்க சாப்பாடு போட ஆரம்பிச்சிருப்பாங்க. எடிதா வாசலையே பார்த்துக்கிட்டு நிப்பா." பெரிய ஆண்பிள்ளை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எதுக்குடா அழறே? இன்னும் ரெண்டு வார் இருக்கு!"

ஸ்கோலாஸ்திகா வண்டியை விட்டு இறங்கினாள். நேராகப் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டு, செய்தித்தாள் பொட்டலத்தை இழுத்து வெளியே எடுத்தாள்.

"ரோசா அப்பா, அவசரத்துக்குன்னு வச்சீங்கல்ல? இந்தாங்க அவசரம்."

"இது எப்படி அவசரமாகும்? இது ஏத்தம்! மேல போனா தானா ஆறிடும்."

"நீங்க போய் அந்த வெங்காய மூட்டை மேல உட்காருங்க. பையன் வாழ்க்கை இது. இனிமே வண்டிகிட்ட வந்தீங்க, நான் பொல்லாதவளா ஆயிடுவேன்."

ம்ஷெங்கா வெங்காய மூட்டையில் உட்கார்ந்தார். காஸ்பருக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற வேலை. ஸ்பானரைப் பிடித்தே பழக்கமில்லை. ஷொமாரிக்கு போன் போட்டார்கள். "நாலு நட்டு, நாலு போல்ட்டு, வேற ஒண்ணுமில்ல. சூடு ஆறட்டும், அப்புறம் கை வையுங்க. ரேடியேட்டர்ல விசிறியை இடிச்சுடாதீங்க. ஐயோ, அவருக்குப் பக்கத்துல ரப்பர் எதுவும் இல்லாம பார்த்துக்குங்க" என்று அவன் கத்தக் கத்த, காஸ்பர் கழற்றினான், அத்தை நட்டுகளைத் தலைத்துணியில் வாங்கிக்கொண்டாள். மூட்டை மேலிருந்து ஆலோசனைகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதியது ஏறியது. காஸ்பருக்குக் கை முழங்கைவரை கறுப்பு. சாவியைத் திருப்பினான். விசிறி ஓவென்று இரைந்தது. அப்படி ஒரு சத்தத்தை அந்த ஜீப் பல வருஷமாக மறந்திருந்தது. கிட்டோங்கா உச்சிவரை முள் நடுவிலேயே நின்றது. ஹீட்டரை அணைத்துவிட்டு மூன்று பேரும் மனிதர்களாக மூச்சுவிட்டார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் ஒனெஸ்மோ. "கொஞ்சம் ஓய்வு குடுத்ததும் சரியாயிடுச்சு. காலையிலேர்ந்து இதைத்தானே சொல்லிக்கிட்டு வர்றேன்!"

இந்த மனிதரை என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்?

இலுலா போய்ச் சேர்ந்தபோது பெண் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ம்கோங்கோல்வா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லவில்லை. ஒனெஸ்மோ தொண்டையைச் செருமி, இரு குடும்பத்தின் முன்னோர்களுக்கும் வணக்கம் சொல்லி, மலையில் ஒரு பெரிய லாரி கவிழ்ந்ததை உருக்கமாக வர்ணிக்க ஆரம்பித்தார்.

"இப்பத்தான் அந்த வழியா வந்த பஸ்காரனைக் கேட்டேன். ஒரு லாரியும் கவிழலை. பேச்சு முடிஞ்சுது. கிளம்புங்க."

காஸ்பருக்குப் பொறுக்கவில்லை. ம்ஷெங்காவை மீறி வாயைத் திறப்பது வழக்கத்துக்கு விரோதம், திறந்துவிட்டான். "ஐயா, மாமா சொன்னது பொய். ஃபேன் கிளட்ச் போயிருந்துச்சு. ரோட்லயே கழட்டிப் புதுசு மாட்டிட்டு வர்றோம். கையைப் பாருங்க."

சித்தப்பா அவன் கையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

"பழசு எங்க?"

"வண்டியில கிடக்கு."

"தூக்கி எறிஞ்சுடலையே?"

"எறியறதா!" என்று பதறினார் ஒனெஸ்மோ.

அடுத்த நிமிஷம் இரண்டு பெரியவர்களும் ஜீப்புக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "என் பிக்கப்புக்கும் இதே அளவுதான்! ரெண்டு வருஷமா விசிறியைக் கம்பி போட்டுக் கட்டி ஓட்டறேன்" என்று சித்தப்பா சொல்ல, "கம்பியா? கம்பி கூடாது சம்பந்தி" என்று ஒனெஸ்மோ ஆரம்பிக்க, சம்பந்தி என்ற வார்த்தையை யாரும் மறுக்கவில்லை. செத்த ஃபேன் கிளட்ச் அபராதமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. உள்ளே போய் மிச்சத்தைப் பேசி முடியுங்கள் என்று சித்தப்பா நிமிராமலே கையைக் காட்டிவிட்டார்.

ஸ்கோலாஸ்திகாவும் பெண் வீட்டாரும் பேசி முடித்தார்கள். கடைசியில் வழக்கப்படி பெண்ணைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சம்மதமா என்று கேட்டார்கள். எடிதா ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். சித்தப்பா பிக்கப்பின் பானெட்டைத் தூக்கியிருந்தார். பானெட் நிற்காது என்பதால் தலையாலேயே தாங்கிக்கொண்டிருந்தார். அவள் காஸ்பரிடம் திரும்பினாள்.

"மாத்தினது யாரு?"

"நான்தான்."

"கம்பி, ரப்பர்னு எதையும் கட்டிப் பார்க்கலையா?"

"மாமா கட்டினாரு. நான் அவுத்தேன்."

"எனக்குச் சம்மதம்" என்றாள் எடிதா. "ஓட்டைப் பானை, ஒடிஞ்ச கதவு, ஒழுகற கூரைன்னு இந்த வீட்ல இத்தனை வருஷம் சமாளிச்சது போதும்." ஸ்கோலாஸ்திகா எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை கல்யாணப் பெண்ணுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள். உங்களுக்கென்ன, ஜீப்பா இருக்கிறது? மிக்ஸி மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துத்தான் அரைக்க முடியும் என்பது ஒரு விஷயமா? ரிமோட்டை முதுகில் இரண்டு தட்டு தட்டினால்தான் சேனல் மாறும் என்பதும், குளியலறைத் தாழ்ப்பாளுக்குப் பதில் உள்ளே வாளியை முட்டுக் கொடுக்கிறீர்கள் என்பதும் உங்கள் குடும்ப விவகாரம். நான் தலையிட மாட்டேன். நீங்களும் அந்த இனமா என்று சந்தேகமிருந்தால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். ஆனால் வாயைத் திறந்து சொல்வார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். உங்களைச் சமாளிக்க அவர்கள் கற்றுக்கொண்டு வெகு காலம் ஆகியிருக்கும்.