ஒன்பது இன்ச் சுவர்

'இவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டினால், நாளைக்கு அந்தச் சுவர் யார் தலையில் விழும்?'

தேவமலர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால், "உன்னத் தூக்கி வளர்த்தவன்லா நான்" என்று காளிமுத்து மாமா ஆரம்பித்துவிடுவார். 'மாட்டேன்' என்ற சொல் அவளுக்குத் தொண்டை வரை வரும். சொந்தக்காரர்களைக் கண்டால் திரும்பிப் போய்விடும்.

மாமா பெம்பான் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டக் கோயிலின் தலைவர். கோயில் மேட்டுக்கு ஒன்பது இன்ச்சில் ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். அதன் வரைபடத்தில் இன்ஜினியர் மருமகள் கையெழுத்துப் போட வேண்டும். கூடவே கோயில் சமையற்காரி குஞ்சம்மாவையும் தேவமலரின் அலுவலகத்துக்கு அழைத்து வந்திருந்தார். மேட்டுக்குக் கீழேதான் அவள் வீடு. மடியில் துணிப்பையுடன் மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"கொட்டுற மண்ணு, அதுக்கு மேல நிக்கிற பாரம், எல்லாம் சுவரத்தான் தள்ளும் மாமா. தண்ணித் தொட்டி வெச்சா ஒன்பது இன்ச் தாங்காது."

"அப்ப தொட்டிய எடுத்துடு."

வரைபடத்திலிருந்து எடுத்தாள்.

"அந்த எடத்துல லோரி நிப்பாட்டிக்கலாம். அன்னதான அரிசி வரும்ல."

கணினியில் சுவர் பன்னிரண்டு இன்ச் ஆனது.

"லோரியும் வேணாம்லா. ரதத்துக்கு ஒரு கொட்டாய் போட்டுக்கறோம். கான்கிரீட் தரையோட."

பதினைந்து.

"சாமியோட சேர்த்து ரதம் எவ்வளவு கனம் மாமா?"

"சாமிக்கு ஏதும்மா கனம்? சீரோ போடு!"

"தூக்குறவங்களக் கேட்டுட்டுப் போடறேன். ஒருதரம் சைட்டப் பார்த்துடறேனே?"

"அங்க ஒரே சேறு. ஒன் ஷூ கெட்டுப்போகும். பாரத்தக் கொறைச்சு எழுதிட்டு சைன் போடும்மா. ஆனா ஒன்பது இன்ச்ச மட்டும் மாத்தாத."

"கீழ குஞ்சம்மா அத்தை வீடு இருக்கு மாமா."

"அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

தேவமலருக்கு உட்கார முடியவில்லை. எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள்.

"ஏன் மாமா ஒன்பதையே புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க? இன்னும் காகிதத்துல கோடுதானே? பதினஞ்சா மாத்திக்கலாமே?"

மாமா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

மூலையிலிருந்து குஞ்சம்மா பேசினாள். "எப்படிம்மா மாத்துறது? நல்ல நாள் தப்பிடும்னு போன மாசமே கட்டியாச்சே. அது சாஞ்சதுலேர்ந்துதான் நான் இந்தப் பையோட அலையறேன்."

தேவமலர் பேனாவை மூடினாள்.

"டீ ஆறுது மாமா, குடிச்சிட்டுக் கெளம்புங்க. அத்தை இங்கயே இருக்கட்டும்."