அண்ணன் கார் மேலே, தம்பி கார் கீழே

மூத்தவனாகப் பிறப்பதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. அதையே ஒரு சாதனையாக நினைத்துக்கொண்டு நாற்பத்தாறு வயது வரை காலம் தள்ளியவன் நான். அதற்குக் கிடைத்த பரிசை ஊரே வேடிக்கை பார்த்தது என்பதால், மறைத்துப் பயனில்லை, நானே சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் அப்பா விட்டுப்போன சின்ன மனையில் நானும் தம்பி முருகேசனும் சேர்ந்து வீடு கட்டினோம். கீழ்வீடு எனக்கு, மாடி அவனுக்கு. (மூத்தவன் கீழேயா என்று கேட்காதீர்கள். மூட்டுவலி.) வீட்டை ஒட்டி ஒரு தகர ஷெட். அதில் ஒரு கார்தான் நிற்கும். எங்களிடம் இருந்ததோ இரண்டு. தெருவில் நிறுத்திய காரில் வாரம் ஒரு கீறல் விழுந்தது. அப்போதுதான் முருகேசன் போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு காரை இரும்புத் தட்டில் ஏற்றி, தட்டைத் தூக்கி, அதன் அடியில் இன்னொரு காரை நிறுத்தினார்கள். அதே மாதிரி லிஃப்ட் செய்துகொடுக்கும் பட்டறை கப்பலூரில் இருப்பதையும் அவனே விசாரித்து வைத்திருந்தான்.

பட்டறைக்காரர் ஜமால் பாய் நிதானமான மனிதர். நான் பாலிடெக்னிக்கில் இருபது வருஷமாக மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன். சும்மா விடுவேனா? எத்தனை டன் தாங்கும், என்ன ஆயில், கரண்ட் போனால் தட்டு கீழே வந்துவிடாதா என்று வைவா எடுப்பதுபோல் அவரைக் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“காலைல மொத வண்டி எடுக்கிறது யாரு சார்?”

“நான்தான். ஏழரைக்கெல்லாம் காலேஜுக்குக் கெளம்பிருவேன்.”

“அப்ப உங்க வண்டி கீழ, தம்பி வண்டி மேல. கீழ நிக்கிறது வெளிய போனாத்தான் மேல உள்ளத எறக்க முடியும்.”

“அப்படியே வச்சுக்கலாம்ணே” என்றான் முருகேசன்.

எனக்குச் சுருக்கென்றது. “அதெப்படி பாய்? அவன் வண்டி என் வண்டி தலைக்கு மேல நிக்கும்னா, பாக்குறவன் என்ன நெனப்பான்?”

“வண்டிக்கு ஏது சார் அண்ணன் தம்பி?” என்று சிரித்தார் பாய். நான் சிரிக்கவில்லை. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, “சரி, உங்க இஷ்டம். கீழ நிக்கிற வண்டிக்கு ஒரு சாவி எப்பவும் உங்ககிட்ட இருக்கட்டும்” என்றார்.

லிஃப்ட் மாட்டிய அன்றே முருகேசன் தன் காரின் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான். நான் வாங்கவில்லை.

“உன் வண்டிய நான் எடுத்து ரோட்டுல விடணுமா? நான் என்ன உனக்கு டிரைவரா? கூப்பிட்டா எறங்கி வந்து எடு.”

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனான்.

அதன்பிறகு ஏழு மாதம், தினமும் காலையில் ஷெட்டில் நின்று “டேய் முருகேசா, வண்டிய எடு!” என்று குரல் கொடுப்பேன். மருந்து கம்பெனி வேலையில் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்து படுத்தவன், வாயில் பிரஷ்ஷோடு இறங்கி வந்து காரை எடுப்பான். நான் சுவிட்சை அழுத்துவேன். என் கார் மேலேயிருந்து மெதுவாக இறங்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்திருந்தது. லிஃப்ட் இறங்குவதைவிட அவன் இறங்கி வருவது அதிகமாகப் பிடித்திருந்தது.

இந்த நேரத்தில்தான் எங்கள் தங்கை தமிழரசியின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. பேரையூர் பக்கம் மச்சானின் குலதெய்வம் கோயிலில் விசேஷம். எங்கள் வழக்கப்படி மூத்த தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தோடும் அவன் வாங்குவது, சீரும் அவன் கொண்டுபோவது. என் மடியின் பெருமையைக் கல்லூரியில் பியூன் வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

இரண்டு நாள் முன்னதாகவே சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, வாழைத்தார் எல்லாவற்றையும் காரில் அடுக்கினேன். தோட்டை டாஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டி, தட்டை மேலே ஏற்றினேன். “திருடன் வந்தா ஏணியோடதான் வரணும்” என்று மனைவி செல்வியிடம் பீற்றிக்கொண்டேன். வேலை முடிந்து வந்த முருகேசன் வழக்கம்போல அடியில் நிறுத்தினான். மறுநாள் மத்தியானம் மச்சானின் வேன் வந்தது. கிடா சமையலைக் கவனிக்க முருகேசன் குடும்பத்தோடு அதில் ஏறினான். நான் அவன் காரில் சாய்ந்துகொண்டு, “பாத்துப் போங்கடா” என்று டாட்டா காட்டினேன்.

விசேஷத்தன்று காலை ஐந்தரைக்குப் பட்டு வேட்டியோடு சுவிட்சில் கை வைத்தேன்.

“என்னங்க, கீழ தம்பி வண்டி நிக்குதே” என்றாள் செல்வி.

போன் போட்டேன். “சாவி எங்கடா?”

மறுமுனையில் மேளச்சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “ஐயையோ, எங்கிட்ட இருக்குண்ணே” என்றான்.

“இன்னொரு சாவி?”

“மாடில பீரோக்குள்ள. வீட்டுச் சாவியும் எங்கிட்டதான் இருக்கு. பூட்ட ஒடச்சிருண்ணே, பரவால்ல.” கூடவே, “நீதான அன்னைக்கு வேணாம்னுட்ட” என்றான். அதைக்கூடக் கோபமில்லாமல்தான் சொன்னான்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் மாடி கிரில் பூட்டை முக்கால் மணி நேரம் அடித்தேன். பூட்டு நசுங்கியதே தவிரத் திறக்கவில்லை. அடுத்து ஏணி வைத்து என் காருக்கே ஏறினேன். லிஃப்ட் தூண் இடித்ததால் கதவு ஒரு சாண்தான் திறந்தது. தலையையும் தோளையும் நுழைத்துவிட்டேன். தொப்பை மாட்டிக்கொண்டது. செல்வி கீழேயிருந்து வேட்டியைப் பிடித்து இழுத்தாள். வேட்டி வந்தது, நான் வரவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த பெண்கள் பக்கெட்டோடு உள்ளே ஓடினார்கள். ஒருவழியாக நான் வெளியே வந்தபோது கையில் மூன்று வாழைப்பழம் இருந்தது. தோடு கைக்கு எட்டவே இல்லை.

முகூர்த்த நாள் என்பதால் வாடகைக் கார் எதுவும் கிடைக்கவில்லை. பஸ் ஏறினோம். ஒன்பது மணியோடு நல்ல நேரம் முடிகிறது. எட்டே முக்காலுக்குத் தமிழரசி கூப்பிட்டாள்.

“எங்கண்ணே வாரே?”

“திருமங்கலம் தாண்டிட்டோம்மா.”

பஸ் அப்போதுதான் திருமங்கலத்துக்கு முன்னால் வரும் கப்பலூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜமால் பாய் பட்டறைக்குத் திரும்பும் ரோடு வந்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. பந்தி நடந்துகொண்டிருந்தது. அழுது களைத்த குழந்தை முருகேசனின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் இருந்தது முருகேசன் மனைவியின் தோடு. தன் காதிலிருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் தோடு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

முருகேசன் எழுந்து வந்தான். “மன்னிச்சிருண்ணே. நேரம் போயிருச்சு. மச்சான் ஒக்காரச் சொன்னாரு.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அத்தனை பேர் முன்னால், “வேணும்னுதான சாவியத் தூக்கிட்டு வந்த? என் எடத்துல ஒக்காரத்தான?” என்று கத்தினேன்.

பந்தியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. முருகேசன் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான். நான் அதைப் பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றேன். தமிழரசி அருகில் வந்து, “வாங்க, சாப்பிடுங்க” என்றாள். என்னை அவள் ‘வாங்க’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. நான் வாங்கிய தோடு இன்னும் என் பீரோவில்தான் கிடக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தபோது தமிழரசி, “மொதத் தோட்டக் கழட்ட மனசு வரலண்ணே” என்றுவிட்டாள். முருகேசன் அன்றிலிருந்து தெருமுனை வேப்பமரத்தடியில்தான் கார் நிறுத்துகிறான். ஷெட் முழுக்க எனக்கே. காலையில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் வேட்டி கழன்ற கதையைச் செல்வி ஆரம்பிப்பாள், தமிழரசி முடிப்பாள். போன மாதம் ஒரு வளைகாப்புப் பந்தியில் அந்தக் குழந்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்த லிஃப்ட் கதையைக் கேட்டு எனக்கும் முருகேசனுக்கும் அவள் வைத்திருக்கும் பெயர் மேல மாமா, கீழ மாமா.

“மேல மாமா, எனக்குக் காது குத்துறப்ப நீங்க எறங்கி வரவே இல்லையாமே?”

பந்தியே சிரித்தது. நானும் சத்தமாகச் சிரித்தேன். சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்த முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. “சும்மா இரு பாப்பா, மாமா சாப்பிடட்டும்” என்று அவளை அதட்டிவிட்டு, என் இலையைப் பார்த்தபடியே ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனான்.