கறிவேப்பிலையில் துப்பிய சிவப்பு ஏல்

ரொறன்ரோ,
மார்ச், ஒரு திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய அகஸ்ரின் அங்கிளுக்கு,

நான் சுகம். கறிவேப்பிலைக் கன்றைத் தவிர, உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அன்ரனெற் அன்ரியும் வாசிக்கலாம். வாசிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். உங்கள் மகள் நடாஷாவைப் பெண் கேட்டு முதன்முதலாக வந்தவன் ஒரு கன்றைக் கொன்றுவிட்டுப் போனான் என்று உங்கள் ஊர் ஸ்ரௌவ்வில் முழுக்கக் கதை பரவ முன்னர், நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் வெள்ளிக்கிழமை.

எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் மச்சம் இல்லை. அன்றைக்கு ஒரு முட்டைக்கோதுகூட அம்மாவின் கண்ணில் படக்கூடாது. பக்கத்து அப்பார்ட்மென்ரில் இருந்த, கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரப் பிள்ளைகளோ வெள்ளியிலும் கோழிக்கறி சாப்பிட்டார்கள். சின்ன வயதில் எனக்குத் தெரிந்த ஒரே மத வேறுபாடு அதுதான். ஆகவே வெள்ளியில் கத்தோலிக்க வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ் வாங்கினேன். தவக்காலத்து வெள்ளிகளில் உங்களுக்கும் இறைச்சி இல்லை என்பது, பல்கலைக்கழகத்தில் சமய ஒப்பியல் படித்த எனக்குத் தெரியாது.

அடுத்தது பியர்.

விஸ்கிப் போத்தலை எல்லாரும் கொண்டுவருவார்கள். நான் எல்லாரும் அல்ல. இது என் நோய். படிக்கிற காலத்தில் ஐரிஷ் சிவப்பு ஏல் என்ற பியர் குடித்திருக்கிறேன். பிறகு இந்த நகரத்தில் பியர் காய்ச்சுகிற சின்ன வடிசாலைகள் எல்லாம் தோடம்பழத் தோலை ஊறப்போட்டது போன்ற கைப்புப் பியருக்கு மாறின. நானும் மாறினேன். கைப்பை ரசிப்பது அறிவின் அடையாளம் என்று நம்பினேன். போன மாதம் கடையில் ஒரு சிவப்பு ரின்னைக் கண்டு, வாங்கிக் குடித்தபோதுதான், பத்து வருடமாக எனக்குப் பிடிக்காத ஒன்றைக் குடித்துவந்திருக்கிறேன் என்று விளங்கியது. கொஞ்சம் வறுத்த பார்லி. கொஞ்சம் இனிப்பு. யாரையும் அசத்த விரும்பாத பியர்.

ஐரிஷ்காரரின் பெருநாளுக்காக மார்ச்சில் மட்டும்தான் அது நிறைய வரும். மார்ச் என்றால் தவக்காலம். தவக்காலம் என்றால் நீங்கள் குடியை ஒறுப்பீர்கள், அதைக் கோவில் வாசலில் வைத்துப் பாதரிடமே சொல்லியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க நடாஷாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆச்சரியப்படுத்த நினைத்தேன்.

எனக்குக் கார் இல்லை, ஸ்ரௌவ்வில்லில் அது ஒரு குணக்குறை என்று தெரியும், ஆகவே மூன்று வடிசாலைகளின் ரின்களையும் நாலாவது வடிசாலையில் நிரப்பிய கண்ணாடி ஜாடியையும் மடியில் வைத்துக்கொண்டு ரெயினில் வந்து இறங்கி, உங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லாரும் மௌனமாக இருந்தீர்கள், என்னை எடைபோடுகிறீர்கள் என்று நினைத்தேன், அப்போதுதான் கோவிலில் சிலுவைப்பாதைச் செபம் முடித்து வந்திருந்தீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது, அதற்குள் நான் ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ரின்களையும் வரிசையாக வைத்துவிட்டேன், நடாஷா மெதுவாக “கீதன், சீரியஸ்லி?” என்றாள், அன்ரி ரோல்ஸைத் தூக்கிக்கொண்டுபோய் பிறீசருக்குள் வைத்தா, நீங்கள் “தம்பி, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் நான் தொடுறேல்லை” என்றீர்கள், நான் எல்லாவற்றையும் திரும்பப் பையில் வைக்கப்போக, அன்ரியின் தம்பி கஸ்பர் அங்கிள் சோபாவில் சாய்ந்தபடி ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“அத்தான், மணந்து பாக்கிறது பாவத்தில சேராது.”

அன்ரியும் நடாஷாவும் மேல்மாடிக்குப் போயிருந்தார்கள். நாங்கள் மூக்கை வைத்து மணந்து பார்த்தோம். முதலாவது முறுகிய ரொட்டி மணம்; றோஸ்பாணின் கரை என்றீர்கள். நான் எழுதிவைத்திருந்த குறிப்பில் அதற்கு ஆறு வரி இருந்தது. உங்கள் இரண்டு சொல்லே சரி. இரண்டாவது, அடிப்பிடித்த சீனிப்பாணி. மூன்றாவதை நெடுநேரம் மூக்கின் கீழ் வைத்திருந்தீர்கள். மூக்கால் மட்டும் தீர்மானிக்க ஏலாது என்றீர்கள். கஸ்பர் அங்கிள் தன் சட்டத்தைக் கொஞ்சம் நீட்டினார்.

“விழுங்கினாத்தானே அத்தான் குடி. வாயில வைச்சுத் துப்பினா அது வாய் கொப்பளிக்கிறது.”

கொப்பளித்தோம். மூன்றாவதில் கடைசியாக ஒரு துவர்ப்பு, சாயம் கூடின தேத்தண்ணி போல. அதுவே சிறந்தது என்பதில் மூவருக்கும் ஒருமனம். ஒரு குடும்பம் உருவாகிறது என்று எனக்குத் தோன்றியது. மணம் போகட்டும் என்று பின்கதவு திறக்கப்பட்டது. நான் போகும்வரை அது திறந்தே கிடந்தது.

அன்ரி கீழே வந்தா. வெறுங் கிளாஸ்களைப் பார்த்தா.

“குடிச்சனீங்களோ?”

“இல்லை அக்கா, துப்பினாங்கள்” என்றார் கஸ்பர் அங்கிள்.

“எங்க?”

மூவரும் ஒரே நேரத்தில் பின்கதவடியில் நின்ற கறிவேப்பிலையைப் பார்த்தோம்.

அது அன்ரி பிறம்ரன் நகரில் இருந்து காருக்குள் போர்வை சுற்றிக் கொண்டுவந்த கன்று என்று அப்போது எனக்குத் தெரியாது. நேற்று நடாஷா போன் எடுத்தாள். இலை முழுக்கக் கொட்டிவிட்டதாம். அன்ரி சொன்னதை அப்படியே சொன்னாள்: “அந்தக் கன்று தளிர்க்குமட்டும் இந்த வீட்டில கலியாணக் கதை இல்லை.”

ஆகவே அன்ரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கன்றைக் கொன்றது நான் கொண்டுவந்த பியர்தான். அங்கிள் தன் ஒறுத்தலைத் துளியும் மீறவில்லை என்பதற்கு நான் சாட்சி. உங்கள் கராஜில் விட்டுவந்த ஜாடி உயிர்த்த ஞாயிறுவரை திறக்கப்படாமல் இருக்கட்டும்.

உங்கள் தவம் நிறைவேறவும், கன்று தளிர்க்கவும், பிறீசரில் உள்ள ரோல்ஸுக்கு ஒரு நல்ல சனிக்கிழமை வாய்க்கவும் பிரார்த்திக்கும்,

கீதன்

பி.கு.: இந்தத் துண்டைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். அன்ரிக்குக் காட்ட வேண்டாம். அன்று புறப்படும்போது கறிவேப்பிலைச் சட்டியில் விரல் வைத்துப் பார்த்தேன். மண் காய்ந்து வெடித்திருந்தது. கஸ்பர் அங்கிள் தன் பங்கை விழுங்கினார், நான் என் பங்கை விழுங்கினேன், மூன்றாவது ரின்னை “இன்னொருக்கா ஒப்பிட்டுப் பாப்பம்” என்றவர் நீங்கள். அந்த வீட்டில் தவக்காலத்தை ஒழுங்காக அனுசரித்தது கன்று ஒன்றுதான். அதைக் கொன்றது மார்ச் குளிர். கதவைத் திறந்தது யார் என்று நான் எழுதவில்லை. ஜாடியில் இப்போது எவ்வளவு மிச்சம் என்றும் கேட்கவில்லை. கலியாணக் கதையை அன்ரியிடம் நீங்களே மெல்லத் தொடங்கினால் நல்லது. மாமனாரைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. வெறும் அங்கிள்மாரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.