கபிரியேலின் டின்னில் கடுகு

சேசு மரி சூசை துணை

பாரீஸ், ரூ பஜோல்
1987 சனவரி 10, சனிக்கிழமை

என் மனைவியின் உடன்பிறப்பும், என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக வந்து மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவனுமாகிய மைத்துனன் அந்துவானுக்கு, எமில் சுப்ராயன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்காள் மதலேனும் உயிரோடு இருக்கிறோம். சம்பிரதாயத்துக்கு எழுதுகிற வரி என்று நினைத்துத் தாண்டிப் போகாதே. இந்த வாரம் அதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருபத்திரண்டு வருடம் சர்க்கார் தோட்டாவைச் சுட்டவன், ஓய்வுபெற்றுப் பான்சியோன் வாங்கிய பிறகும் கை சும்மா இருக்காமல் ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்தவன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என் பக்கத்துத் தடத்தில் நிற்பவர் கபிரியேல் என்ற பிரெஞ்சுக்காரர். எந்நேரமும் அதிமதுர மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டிருப்பார். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டில் மருந்து நிரப்பி மறுபடி தோட்டாவாக்கும் பைத்தியம் எங்கள் இருவருக்கும் உண்டு. நவம்பரில் அவர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி ஜிஸ்லேன், காகிதமெல்லாம் முறைப்படி மாற்றி, அவருடைய ரிவால்வரையும் ஒரு டின்னில் மிச்சமிருந்த வெடிமருந்தையும் என்னிடம் கொடுத்து, "சனவரி பதினொன்றாம் தேதி அவர் நினைவாகப் போட்டி. நீங்கள் நிரப்பிய தோட்டாவால், அவர் ரிவால்வரால் சுடவேண்டும்" என்றாள். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெடிமருந்து என்றால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதே அந்துவான், சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே பொடியா போடுகிறாய்? கபிரியேலின் டின்னில் இருந்தது கறுப்பானது, நைஸானது, கனமானது. துளி போட்டாலே போதும். ஆனால் என் கூடு ஆழமானது. கைதவறி இரண்டு தடவை போட்டுவிட்டால்கூட உள்ளே கிடப்பது கண்ணுக்குத் தெரியாது, சுடும்போது ரிவால்வர் கையிலேயே வெடித்துவிடும். அதனால் நான் புது டின் வாங்கினேன். அது பச்சை ஓடிய சாம்பல் நிறம், அவல் மாதிரி தட்டையானது, பொங்கிக்கொண்டு நிற்கும். இரண்டு தடவை போட்டால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். வயதானவனுக்கு ஏற்ற மருந்து இதுதான் என்று தீர்மானித்து, கபிரியேலின் டின்னை அலமாரியின் பின்பக்கம் ஒதுக்கி வைத்தேன். இந்தத் தொழிலில் பத்துக் கட்டளை கிடையாது, ஒன்றே ஒன்றுதான்: ஒரு மருந்தோடு இன்னொரு மருந்தைக் கலக்காதே.

செவ்வாய்க்கிழமை நிரப்ப உட்கார்ந்தேன். முதல் பத்துத் தோட்டா சரியாகப் போயிற்று. அப்புறம் மருந்து நிறுக்கும் தராசின் முள் நிற்கவில்லை, யாரோ பக்கத்தில் மூச்சு விடுவது போல ஆடிக்கொண்டே இருந்தது. நம் வீட்டுக்குப் பின்னால்தானே தண்டவாளம், ரயில் போகிறது என்று விட்டுவிட்டேன். மாலையில்தான் நினைவு வந்தது, ரயில்காரர்கள் மூன்று வாரமாக வேலைநிறுத்தம், அன்றைக்கு ஒரு வண்டியும் ஓடவில்லை. புதன்கிழமை புது டின்னைத் திறந்து வைத்துவிட்டுக் காப்பி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் மூடி இறுக்கிக் கிடக்கிறது. மதலேனைக் கூப்பிட்டுக் கேட்டால், "நான் ஏங்க தொடப்போறேன்? வயசானா மூடினதும் மறந்துடும், திறந்ததும் மறந்துடும்" என்கிறாள். என்னால் திறக்க முடியவில்லை. கீழ்வீட்டு யாழ்ப்பாணத்துப் பாலச்சந்திரன், லூயி-பிளாங் தெரு ஓட்டலில் தேங்காய் உடைக்கிற கை, அவனைக் கூட்டிவந்தேன். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணை, இஞ்சை ஆர் அதிமதுரம் சப்பினது?"

"யாருமில்லப்பா. ஏன்?"

"மணக்குது. உங்கடை கதிரைக்குப் பின்னாலை நிண்டு சப்பிற மாதிரிக் கிடக்கு."

அவன் டின்னைத் திறந்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் படியிறங்கினான். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பயத்தைக் காட்டலாமா? நாற்காலிக்குப் பின்பக்கம் திரும்பி, அவருக்குத் தமிழ் தெரியாதே என்று பிரெஞ்சிலேயே சொன்னேன்: "கபிரியேல், உங்கள் பெயரில்தான் போட்டி. தயவுசெய்து வேலை செய்ய விடுங்கள்." தராசு நின்றது. நின்றதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வியாழக்கிழமை மதியம் டின்னின் பாதிக்கு வந்தபோது மறுபடி முள் ஆடியது, அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன்.

இன்று காலை அடுப்படிக்குப் போனேன். மதலேன் மீன் குழம்பு தாளிக்கிறாள். நெருப்புப் படம் போட்ட சிவப்பு டின்னிலிருந்து, கபிரியேலின் டின்னிலிருந்து, ஒரு கரண்டி எடுத்து எண்ணெயில் போடப் போகிறாள்! நான் கத்திய கத்தலில் அவள் சட்டியை விட்டுவிட்டாள்.

"கடுகுங்க! டின்னு நல்ல டின்னா இருந்துச்சு, கழுவிக் கடுகு போட்டேன்."

"உள்ளே இருந்தது எங்கேடி?"

"ஒரு கைப்பிடிதான் இருந்துச்சு. பாவம், செத்தவரு வீட்டுது, கொட்டலாமா? புது டின்னுல போட்டுட்டேன். புது அரிசி வாங்கினா பழைய அரிசி ஒரு கை அதுல போடறதில்லையா? அம்மா அப்படித்தானே செய்வாங்க. அப்பதானே குறையாம இருக்கும்!"

உன் தாயார் அரிசியில் செய்ததை உன் அக்காள் வெடிமருந்தில் செய்திருக்கிறாள். நான் போய்ப் புது டின்னை அடிவரை கிளறிப் பார்த்தேன். நைஸான கறுப்பு மருந்து அடியில் இறங்கிவிட்டது, மேலே பார்த்தால் வெறும் பச்சை. அடிக்கு வர வர ஒவ்வொரு கூடும் ஒரு குட்டி எமன். நிரப்பியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டோம், மதலேன் அழுதுகொண்டே எண்ணினாள். நாளைய போட்டிக்குப் போகவில்லை என்று கிளப்புக்குச் சொல்லிவிட்டேன். மூன்று நாளும் தராசைப் பிடித்து ஆட்டி, மூடியை இறுக்கி, என் கையையும் கண்ணையும் காப்பாற்றியவர் கபிரியேல்தான் அந்துவான். உயிரோடிருந்த நண்பன்கூட அவ்வளவு செய்யமாட்டான். ஆகவே நம் ஊர்ச் சம்பா கோயிலில் அவர் பெயருக்கு நன்றிப் பூசை ஒன்று சொல்ல ஏற்பாடு செய்.

உன் மனைவி தெரேசுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகள் தலையில் எங்கள் கை. உன் முழங்கால் வலிக்கு மாதா துணை நிற்கட்டும்.

இப்படிக்கு, முழுதாக இருக்கும்
எமில் சுப்ராயன்

பின்குறிப்பு: இன்று திங்கள். இனி எனக்கு வேண்டாம் என்று ரிவால்வரை ஜிஸ்லேனிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதுவரை அது என் இரும்பு அலமாரியில்தான் இருந்தது. சாவி என் கழுத்துச் சங்கிலியில். அவள் பழக்கத்தில் தோட்டா வைக்கும் உருளையைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு தோட்டா, அடியில் நான் நிரப்புகிற தோட்டாவுக்கெல்லாம் போடுகிற சிவப்புக் கோடு. அதை ரிவால்வருக்குள் நான் போடவில்லை அந்துவான். கோட்டுக்குப் பக்கத்தில் சுத்தியல் அடித்த பள்ளம். ஒருமுறை விசை இழுபட்டிருக்கிறது, எந்தப் புண்ணியத்தாலோ வெடிக்கவில்லை. அங்கேயே பிரித்தால் உள்ளே முழுக்கக் கறுப்பு மருந்து. வியாழக்கிழமை நான் தூங்கியபோது அறைக்குள் 'டக்' என்று கேட்டது என்றாள் கூட வந்திருந்த மதலேன், நான் நாக்கைத் தட்டியதாக நினைத்தாளாம். ஜிஸ்லேன் உருளையை மூடிவிட்டுச் சொன்னாள்: "கபிரியேல் எங்கேயும் தனியாகப் போகமாட்டார், முஸ்ஸியே எமில், உங்களுக்குத்தான் தெரியுமே." நன்றிப் பூசை வேண்டாம். அதே கோயிலில், என் பெயருக்குச் சொல்லச் சொல்.